நான்கு விரல் இடைவெளி

பர்மாவில், கியாக்தானிலிருந்து தன்லின் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு லுங்கி, ஒரு போர்வை, துணியில் சுற்றிய ஒரு மூங்கில் சிம்பு. மழை விட்டு விட்டுப் பெய்தது. பஸ் வந்தால் கை காட்டியிருப்பேன். டீசலுக்கு வரிசை நிற்கிற வாரம் அது, பஸ் வரவில்லை. நான் வேலை பார்த்த தோட்டத்தின் மதில் தெரிகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. மதில் மறைந்த பிறகு ஒரு முறை திரும்பினேன். மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் குரங்குகள் தீனிக்குக் கத்த வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தோட்டத்தில் ஒன்றரை மாதமாகக் காலையில் எந்தக் குரங்கும் கத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தக் காப்பகத்தில் போன வாரம் வேலைக்குச் சேர்ந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். கூண்டு கழுவுவது, இறைச்சி நிறுப்பது, மருந்து கலப்பது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே அது புரிந்தது, உங்களுக்குப் புரியாமல் போகாது. சுவரில் ஒட்ட முடியாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இடுப்பும் போய்விட்டது, இனி என்னிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை.

அந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன் நான் அரிசி ஆலையில் உமி அள்ளினேன், படகில் கயிறு பிடித்தேன், மீன் குளிர்கிடங்கில் ஐஸ் உடைத்தேன். எங்கேயும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. தோட்டத்தில் மட்டும் நாலு வருடம் இருந்தேன். காரணம் மிருகங்கள்தான். அவை என்னிடம் ஊர் எது, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கவில்லை.

முதலாளி பணக்காரர். மிருகம் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. நான்கு புனுகுப்பூனைகள், ஒரு ஜோடி கீரி, வால் தடித்த ஒரு கரடிப்பூனை, ஒரு கூட்டம் குரங்கு, ஏழு தேவாங்கு. வேலைக்கு மூன்று பேர். வெளிக்கூண்டுகளும் அவற்றின் சாவிகளும் என் பொறுப்பு. குரங்குகளும் தேவாங்குக் கொட்டகையும் கோ ட்வேயின் பொறுப்பு. முப்பது வயதுக்காரன், பர்மியன், என்னை ‘அக்கோ’ என்பான், அதாவது அண்ணன். மனைவி மா ஏயோடு கொட்டகைக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தான். அவள் அப்போது நிறைமாதம். சமையலும் தீனியும் டோ மியா. அறுபதைத் தாண்டியவள், ஒரு காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்லை.

ஒரு நாள் மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே செம்பட்டை நிறத்தில் ஒரு மிருகம், எலும்பும் தோலுமாக. உடம்பின் நீளத்துக்கு வால். சின்னத் தலை, நாய் மாதிரி நீண்ட மூக்கு, பூனை மாதிரி கண்.

“பூனை,” என்றாள் டோ மியா. “சோறு போடாத வீட்டுப் பூனை.”

“பூனைக்கு இவ்வளவு வாலா? குரங்கு,” என்றான் ட்வே.

“உன் மாமனார் வீட்டுக் குரங்கா?”

கொண்டுவந்த தரகன் எங்கள் இருவரையும் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னான்: “இளஞ்சிங்கம். தீவுச் சிங்கம். பெரிதாக வளராது.”

முதலாளி செவ்வாய்க்கிழமை பிறந்தவர். பர்மாவில் பிறந்த கிழமைக்கு ஒரு திசையும் ஒரு மிருகமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்குத் தென்கிழக்கு, சிங்கம். பகோடாவில் அவர் எப்போதும் தென்கிழக்கு மூலையில்தான் தண்ணீர் ஊற்றுவார். உயிருள்ள சிங்கம் ஒன்று வீட்டு மதிலுக்குள் இருந்தால் தொழில் எழும்பும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். தரகனுக்கு அது தெரிந்திருந்தது. ஆகவே தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில், பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில், சிங்கத்துக்கு என்று ஒரு கூண்டு செய்தார்கள். கட்டை விரல் பருமனுக்குக் கம்பிகள். யானை முட்டினாலும் வளையாது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. சிங்கத்துக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அந்த மிருகத்தை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு. மாதம் ஒரு முறை வரும் கால்நடை டாக்டருக்கு அதைக் காட்டவும் கூடாது, சொல்லவும் கூடாது. நான் டாக்டரை ‘சயாமா’ என்பேன், டீச்சரம்மா என்கிற மாதிரி; எல்லாருமே அப்படித்தான். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னது. அவளிடம் நான் அந்த மூலையை மறைத்தேன். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னார், செய்தேன். இது என் முதல் தப்பு.

மிருகம் அந்தக் கூண்டில் சத்தமே போடவில்லை. நாற்றம் மட்டும் இருந்தது. சூடான இரும்பில் பழைய புனுகைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. நான் போகும்போது பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். கண் திறந்திருக்கும். நான் வந்த பக்கத்தை அது பார்த்ததே இல்லை, நான் அடுத்து எந்தப் பக்கம் போவேனோ அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு தேவாங்கு குறைந்தது.

தேவாங்கு பகலெல்லாம் பந்து மாதிரி சுருண்டு தூங்கும். சாயங்காலம் கண் விழித்த பிறகுதான் எண்ண முடியும். ட்வே எண்ணினான், ஆறு. மறுபடி எண்ணினான், ஆறு. கொட்டகைப் பூட்டு பூட்டியபடி இருந்தது. ஒரு வாரத்தில் ஐந்தாயிற்று. ரத்தம் இல்லை, கத்தல் இல்லை. நானும் ட்வேயும் முறை போட்டு இரவெல்லாம் காவல் இருந்தோம். ஒன்றும் வரவில்லை. காவல் இருந்த அந்த வாரத்திலேயே நான்காயிற்று. 

டோ மியாதான் தடத்தைக் கண்டுபிடித்தாள். மழைத்தண்ணீர் இறங்கும் இடத்து ஈரக் களிமண்ணில், கொட்டகைச் சுவர் ஓரம். ஐந்து விரல். விரலுக்குப் பின்னால் நீளமான பாதம், குதிகால் வரை முழுசாகப் பதிந்திருந்தது. பூனை, நாய் எதுவும் அப்படிக் குதிகால் ஊன்றி நடக்காது.

“குழந்தைக் கால்,” என்றாள். “நடக்கப் பழகுகிற குழந்தை. இந்த மண்ணுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது, காதர். பசிக்கிறது அதற்கு.”

“குழந்தைக்கு நகம் இவ்வளவு நீளமா இருக்குமா?” என்று கேட்டேன்.

“செத்த பிறகு நகம் வளராதா?”

அன்று முதல் அவள் மதியச் சமையல் முடிந்ததும் ஒரு தட்டில் நான்கு அவித்த முட்டையும் கொஞ்சம் மீனும் அந்தச் சுவரோரம் வைக்க ஆரம்பித்தாள். நாங்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண் அயர்வோம். எழுந்து பார்த்தால் தட்டு காலி. நக்கித் துடைத்த மாதிரி இருக்கும். “பார்த்தாயா, சாப்பிடுகிறது,” என்று டோ மியா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கும்போது எனக்கு முதுகு சில்லிடும்.

இன்னொன்றும் நடந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. புனுகுப்பூனைகள் பெட்டியை விட்டு வெளியே வருவதை நிறுத்தின. தீனியைப் பெட்டி வாசலில் வைத்தால்தான் எடுத்தன. கீரி ஜோடி வாலைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பகல் முழுக்கத் தென்கிழக்கு மூலையைப் பார்த்தபடி நின்றன. பாம்புக்கு முன்னால்கூட அவை அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மழைக்காலச் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். ஒரு மிருகம் தீனியைவிட ஒரு திசையை முக்கியமாக நினைத்தால், அந்தத் திசையில் போய்ப் பாருங்கள்.

தேவாங்கு மூன்றாக ஆனதும் முதலாளிக்குத் தகவல் போயிற்று. தேவாங்கை மருந்துக்கு வாங்குகிறவர்கள் உண்டு. கொட்டகைச் சாவி ட்வேயிடம். மா ஏ அப்போது பிள்ளை பெற்று இருபது நாள், வீட்டில் செலவு இருந்தது. எல்லாம் பொருந்தியது. முதலாளி எங்கள் மூவரையும் முற்றத்தில் நிற்கவைத்து என்னைக் கேட்டார்: “உன் கூண்டுகளில் இருந்து ஏதாவது வெளியே வந்திருக்குமா?”

நான் சொன்ன வார்த்தை இது. எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: “என் பூட்டு ஒன்றும் திறக்கவில்லை. எல்லா மிருகமும் உள்ளே இருக்கிறது. தேவாங்கை எடுத்தவன் சாவியோடுதான் வந்திருக்கிறான்.”

என் வேலையைப் பற்றிய பெருமையில் சொன்னேன். ட்வேயைக் குற்றம் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் சாவியோடு நின்றவன் அவன் ஒருவன்தான். அவன் என்னைப் பார்த்து, “அக்கோ?” என்றான். அவ்வளவுதான். மா ஏ குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு குடிசை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையிலேயே மூவரும் வெளியேறினார்கள். மா ஏ அவனுக்கு நாலடி பின்னால் நடந்து போனதை நான் கவனித்தேன்.

கொட்டகைச் சாவியும் என்னிடம் வந்தது. ஆறாம் நாள் தேவாங்கு இரண்டாயிற்று.

இப்போது சாவியோடு இருந்தவன் நான் மட்டும். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் ட்வேயும் எடுக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் வேண்டாம். ஆனாலும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ட்வேயிடம் போய்ச் சொல்வதா, முதலாளியிடம் சொல்வதா, அடுத்த தேவாங்கும் போய்விட்டால் என் கதி என்ன என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் என்பது சின்ன நேரமில்லை.

மூன்றாம் நாள் மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை. மழை நின்று வெயில் அடித்தது. இலையெல்லாம் ஆவி விட்டது. எழுந்து தென்கிழக்கு மூலைக்குப் போனேன். பூட்டு பூட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், உறுதி. பெட்டிக்குள் பார்த்தேன். பெட்டி காலி.

கூண்டைச் சுற்றி வந்தேன். கம்பி வளையவில்லை, மண் தோண்டவில்லை, கூரை பிரியவில்லை. பூட்டிய கூண்டில் மிருகம் இல்லை. காலையில் கம்பி வழியாகத் தீனி வைத்தபோது இருந்தது. ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினேன். கையில் ஏதோ ஒட்டியது. பார்த்தேன், செம்பட்டை மயிர். இரண்டு கம்பியின் உள்பக்கமும் ஒரே உயரத்தில் மயிர். அந்த இடம் மட்டும் துரு இல்லாமல் பளபளப்பாக இருந்தது. பல நாள் உரசிய பளபளப்பு.

அது வெளியே போய்விட்டு, ஒவ்வொரு நாளும் தானாகவே திரும்பி வந்து, நான் பூட்டைப் பார்க்க வரும்போது பெட்டிக்குள் படுத்திருந்திருக்கிறது. தேவாங்குக் கொட்டகையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே விட்டிருந்த காற்றுச் சந்தும் இதே அகலம்தான்.

அப்போது மேலே ஒரு கிளை அசைந்தது. காற்று இல்லை. நிமிர்ந்தேன். மரத்தின் நடுக்கிளையில் படுத்திருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. வந்தபோது எலும்பாக இருந்த மிருகம், இப்போது தேவாங்கும் டோ மியாவின் முட்டையும் தின்று உருண்டிருந்தது. காலையில் எப்படியோ நெருக்கி வெளியே வந்திருக்கிறது. தின்ற வயிற்றோடு திரும்ப உள்ளே போக முடியவில்லை. கம்பியில் புதிதாகக் கொத்தாக மயிர் இருந்ததன் காரணம் அதுதான்.

மரத்தின் கீழேயே, கூண்டிலிருந்து பத்தடி தள்ளி, டோ மியா முக்காலியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். எனக்கு முதுகு காட்டி. மந்தக் காது என் பக்கம்.

போனில் படம் எடுத்து சயாமாவுக்கு அனுப்பினேன். சிக்னல் ஒரு கோடுதான். படம் போவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. உடனே கூப்பிட்டாள்.

“பாய், இது எங்கே இருக்கிறது?”

“எங்கள் மரத்தில்.”

“கூண்டுக்கு வெளியேவா? யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா?”

“டோ மியா. கீழே. மீனோடு.”

சயாமா குரலைத் தாழ்த்தினாள். “ஓடாதீர்கள். கத்தாதீர்கள். வலை, கம்பு எதையும் எடுக்காதீர்கள். அதற்குப் படுக்கிற இடம் எது?”

“கூண்டுக்குள்ளே ஒரு பெட்டி.”

“அதன் நாற்றம் எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்கு வீடு. போக வழி இல்லாமல்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். அந்த அம்மாளைக் கூப்பிடாதீர்கள், திடுக்கென்று எழுந்தால் மோசம். இது கீரிக்குச் சொந்தம், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.”

சாவி என்னிடம் இருந்தாலும் அந்தக் கதவை முதலாளி மட்டும்தான் திறக்கலாம். அதுவும் செவ்வாய்க்கிழமை. அன்று சனி. திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திறந்தேன். ஒரு மீனை எடுத்து உள்ளே போடலாமா என்று தோன்றியது, ஆனால் மீன் டோ மியாவிடம் இருந்தது. கதவைக் கல் வைத்து நிறுத்திவிட்டுப் பின்னால் பின்னாலேயே நடந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

அது இறங்கியது. பூனை மரத்திலிருந்து பின்பக்கமாகச் சறுக்கி இறங்கும். இது தலைகீழாக இறங்கியது. பின்னங்கால் இரண்டையும் முழுசாகப் பின்னால் திருப்பி, நகத்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வழிகிற மாதிரி வழிந்தது. பட்டை உதிரும் சத்தம்கூட இல்லை. தரையில் வந்ததும் குதிகால் ஊன்றி நடந்தது. டோ மியாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவள் கொண்டையை மோந்தது. அவள் கத்தியை நிறுத்தினாள்.

“யாரது?” என்றாள், திரும்பாமல். பிறகு மெதுவாக, பிள்ளையிடம் பேசுகிற குரலில்: “வந்தாயா? இன்னும் பசிக்கிறதா?” ஒரு மீன் தலையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் நீட்டினாள்.

அது வாங்கிக்கொண்டது. அவள் விரல் படாமல் வாங்கிக்கொண்டது. மீன் தலையைக் கவ்வியபடி கூண்டுக்குள் நடந்து பெட்டிக்குள் போயிற்று. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். டோ மியா அப்போதும் திரும்பவில்லை. “முகத்தைப் பார்த்தால் அது மறுபடி வராது,” என்றாள். பின்னால் நின்றது யார் என்று நான் சொன்னபோது முக்காலியிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.

இருவரும் சாயங்காலம் வரை கோழிக்கூண்டுக் கம்பிவலையை அந்தக் கூண்டைச் சுற்றிக் கட்டினோம். கம்பி இடைவெளிக்குச் சரியாக ஒரு மூங்கில் சிம்பை வெட்டினேன், சயாமாவிடம் காட்ட. மயிரையும் அதிலேயே சுற்றி வைத்தேன்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ட்வே திருடவில்லை என்று முதலில் சொன்னேன். அது சிங்கமில்லை, கீரிக்குச் சொந்தமாம் என்று கடைசியில் சொன்னேன். வரிசையை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது கடைசியைச் சொல்லாமலே விட்டிருக்க வேண்டும்.

“என் கிழமை மிருகத்தைக் கீரி என்கிறாயா?”

“டாக்டர் சொன்னார்.”

“டாக்டருக்குக் காட்டினாயா?” பிறகு அமைதியாகக் கேட்டார்: “நேற்று கதவைத் திறந்தது யார்?”

“நான்தான்.”

“பூட்டு ஒன்றும் திறக்கவில்லை என்று நீதானே சொன்னாய். இப்போது திறந்தேன் என்கிறாய். எத்தனை தடவை திறந்தாய்?”

பார்த்தீர்களா? ஒரு ஆளின் உயிர் போகாமல் இருக்க நான் செய்த ஒரே சரியான காரியம், ட்வே நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைக் கெடுத்துவிட்டது. அதற்காகத் திறக்காமல் இருந்திருக்க முடியாது. இதை நான் நியாயம் கேட்டு எழுதவில்லை. இப்படியும் நடக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என்னைப் போகச் சொன்னார். வலையை வெட்டி எறியச் சொல்லி டோ மியாவிடம் கத்தினார். அவள் சொன்னாள்: “நீங்களே வெட்டுங்கள் முதலாளி. நான் செவ்வாய்க்கிழமை பிறக்கவில்லை.” அவர் கூண்டுப் பக்கம் இரண்டடி வைத்தார். பெட்டிக்குள் கண் திறந்திருந்தது. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். வலை அப்படியே இருந்தது. அடுத்த கோடையில் சயாமா பல வாசல் ஏறி இறங்கி அந்த மிருகத்தை அங்கிருந்து எடுப்பித்தாள். எங்கே அனுப்பினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, தன்லின் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பாலம் நெருங்கும்போது சிக்னல் வந்தது, சயாமா கூப்பிட்டாள். முதலில் திட்டினாள். என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்றாள். திட்டி முடித்துவிட்டு, அழுகிறவனிடம் கதை சொல்வது மாதிரி, அந்த மிருகத்தைப் பற்றிச் சொன்னாள்.

“பெயர் ஃபோசா. மடகாஸ்கர் தீவு அதன் ஊர். அங்கே காட்டில் பூனை வம்சமே கிடையாது பாய். ரொம்பக் காலத்துக்கு முன்னால் கீரி மாதிரி ஏதோ ஒன்று கடலில் மிதந்துபோய் அந்தத் தீவில் ஏறியிருக்கிறது. அதன் பிள்ளைகளில் சிலது கீரியாகவே இருந்தது. ஒன்று மரமேறி வேட்டையாடும் பூனையின் வேலையை எடுத்துக்கொண்டது. அந்த வேலையைச் செய்து செய்து முகம், நகம், கண் எல்லாம் பூனையாகிவிட்டது. ஆனால் பாதத்தைப் பாருங்கள், இன்னும் குதிகால் ஊன்றித்தான் நடக்கும்.”

“அப்படியென்றால் எங்கள் கீரி?”

“கூடப் பிறந்த மாதிரி. கழுதைப்புலி அதற்கடுத்த சொந்தம். புனுகுப்பூனை அதையும் தாண்டி. பூனையும் சிங்கமும் அதற்கும் அப்பால்.”

“அதனால்தான் கீரி தென்கிழக்கையே பார்த்ததா?”

“அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்,” என்றாள். “அது இரவு மிருகமும் இல்லை. பகலிலும் வேட்டையாடும். அதன் ஊரில் தேவாங்கு மாதிரிப் பிராணிகள்தான் அதற்குச் சாப்பாடு. தூங்குகிறபோது பிடிக்கும். நீங்கள் இரவெல்லாம் காவல் காத்தீர்கள்.”

நாங்கள் காவல் காத்துக் களைத்து மதியம் தூங்கினோம். அது எங்கள் தூக்கத்துக்காகக் காத்திருந்தது. பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

“பாய், என் காப்பகத்தில் ஓர் ஆள் வேண்டும்,” என்றாள் சயாமா. “நாளைக் காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள்.”

ஒரு காய்கறி லாரி ஏற்றிக்கொண்டது. மூன்று மணிக்கு நகரத்துக்குள், லத்தா கடைத்தெருவில் இறங்கினேன். ட்வே அங்கே மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குவதாக ஒருவன் சொல்லியிருந்தான். மிளகாய்க் கடை சந்தில் கண்டுபிடித்தேன். முதுகில் மூட்டை. என்னைப் பார்த்ததும் இறக்கவில்லை.

“ஆ, சாவிக்காரர்,” என்றான். “எந்தப் பூட்டைப் பார்க்க வந்தீர்கள்? என் வாயையா?”

கடைவரை கூடவே நடந்து சொன்னேன். மூட்டையை இறக்கிவிட்டு முழுசாகக் கேட்டான். பிறகு சிரித்தான். சிரிப்பு நன்றாக இல்லை.

“கீரி திருடியது. நல்லது. அதைப் போய் என் பெண்டாட்டியிடம் சொல்லுங்கள். அந்தப் பணத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று இன்னும் கேட்கிறாள். பிள்ளைக்குப் பால் மாவு வாங்கக்கூட எடுக்கமாட்டாயா என்று கேட்கிறாள். நான் சொன்னால் நம்பவில்லை. அக்கோ பொய் சொல்லமாட்டார் என்கிறாள்.”

அவனையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதை ஓரம் ஒரு அறை. ரயில் போனால் சுவர் ஆடும். மா ஏ குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்து சொன்னேன். மிருகம் எப்படி வெளியே போனது, எப்படித் திரும்பி வந்தது, ட்வேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உறுதியாகச் சொன்னேன்.

அவள் தொட்டிலை நிறுத்தவில்லை. “அன்றைக்கும் இதே மாதிரி உறுதியாகத்தான் சொன்னீர்கள்,” என்றாள்.

ட்வே சுவரைப் பார்த்தான். பையைத் திறந்து துணியைப் பிரித்து அந்த மூங்கில் சிம்பை அவள் முன்னால் வைத்தேன். “இவ்வளவு இடைவெளிதான். இது அதன் மயிர்,” என்றேன்.

அவள் குனிந்து அதை எடுத்தாள். எடுத்தவள் மூக்கருகே கொண்டுபோகவில்லை, கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை. அவள் கை அப்படியே நின்றது. தொட்டில் நின்றது.

“இந்த நாற்றம்,” என்றாள். “அந்தக் குடிசையில் மத்தியானம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருப்பேன். கூரையிலிருந்து இது இறங்கும். இவர் உடம்பு நாற்றம், கூண்டு கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கண்ணைத் திறக்காமலே, ‘வந்துவிட்டாயா’ என்று கேட்பேன்.” அவள் ட்வேயைப் பார்த்தாள். “நீ ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.”

ட்வே மெதுவாகச் சொன்னான்: “நான் மத்தியானம் குடிசைக்கு வந்ததே இல்லை. குரங்குக் கொட்டகையில்தான் தூங்குவேன்.”

ஒரு ரயில் போயிற்று. சுவர் ஆடியது. அவள் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். பிறகு காலால் பாயை நகர்த்தினாள், ட்வே உட்கார்வதற்கு. என்னை உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

வெளியே வந்து சயாமாவைக் கூப்பிட்டேன். எனக்குப் பதில் வேறொருவனை அனுப்பட்டுமா, தேவாங்கு வளர்க்கத் தெரிந்தவன் என்று கேட்டேன்.

“நல்லவன்தானா? நீங்கள் உறுதி தருகிறீர்களா?”

“உறுதி தருவதை நேற்றோடு விட்டுவிட்டேன் சயாமா. நீங்களே பாருங்கள்.”

இங்கே உங்களுக்குத் தேவாங்குப் பகுதியைக் கற்றுக்கொடுக்கிற ஊ ட்வே அவன்தான்; வயது ஏறியதில் ‘கோ’ போய்ப் பெரியவர்களுக்கான ‘ஊ’ வந்துவிட்டது. எல்லாக் கம்பிக்கும் நடுவே அவன் ஏன் மூங்கில் சிம்பை வைத்துப் பார்க்கிறான், மதியம் ஏன் ஒருவரையும் தூங்கவிடுவதில்லை என்று நீங்கள் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், ஆனால் செய்யுங்கள். நான் இங்கே வந்தது மூன்று வருடம் கழித்து, அவன் கூப்பிட்டு.

அன்று இரவு ரயில் நிலையத்தில் படுத்தேன். மறுநாள் காலை லத்தா மிளகாய்க் கடை சந்துக்குப் போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த வயதில் தூக்குவாயா? இங்கே இருந்தவன் எங்கே?”

“வேறு வேலை கிடைத்தது. அவன் இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்.”

“நல்ல ஆள். ஆனால் முன்னால் வேலை பார்த்த இடத்தில் ஏதோ திருடிவிட்டான் என்று சொன்னார்களே?”

“திருடவில்லை,” என்றேன். “அப்படிச் சொன்னவன் நான்தான்.”

அவர் மூட்டைகளைக் கைகாட்டினார். நான் குனிந்து முதல் மூட்டையை முதுகில் வாங்கினேன்.